ஒரு வேலையும் இல்லாமல் குடுமியான்மலைக்கு

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அன்னவாசல். அங்கே இடப்பக்கம் திரும்பினால் குடுமியான்மலை. குடுமியான்மலையிலிருந்து வேறு சாலையில் புதுக்கோட்டைக்கு வந்து சேர 20 கிலோமீட்டர். சுற்றி முடித்தால் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் ஆகும். இங்குள்ள குடைவரைக் கோயில்களைப் பார்க்கக் காரில் வருகிறவர்கள் காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஊர்களும் கண்மாய்களும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆடி மாத ஞாயிறு ஒன்றில் இந்தச் சுற்றைச் சைக்கிளில் போய் வந்தேன். கூட வந்தவர் அக்கா.

அக்கா எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. என் அண்ணிக்குச் சொந்தம். அறுபதைத் தாண்டியவர். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். அவருடைய வண்டி கறுப்பு நிற ஜென்ட்ஸ் சைக்கிள். 1992-இல் வங்கிக் கடனில் வாங்கியது. டயர், டியூப், செயின், பெடல் எல்லாம் பலமுறை மாறிவிட்டன. பிரேம் மட்டும் அதே பிரேம். என்னுடையது ஏழு கியர் வண்டி. திருச்சியிலிருந்து ரயிலில் பார்சல் போட்டுக் கொண்டுவந்தது.

முந்தின இரவு அக்காவின் மகன் கேட்டார்: "சித்தன்னவாசல் பார்க்கணும்னா சொல்லும்மா, ரெண்டு பேரையும் கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன். இந்த வயசுல எதுக்கு சைக்கிள்?"

"கூட்டிட்டுப் போய் இறக்கி விடுறதுக்கு நான் என்ன அரிசி மூட்டையா? பேசாமப் போய்ப் படு" என்றார் அக்கா.

விடியுமுன் எழுந்து வண்டிகளைப் பார்த்தோம். அக்காவுக்கு இதில் ஒரு முறை உண்டு. முதலில் இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளியை உற்றுப் பார்ப்பார். சக்கரம் ஒரு பக்கம் நெளிந்து ஓடினால் கோட்டம் எடுக்க வேண்டும் என்று பொருள். செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்தல், அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகாத இந்த வேலையிலேயே ஒரு நாள் தொடங்கிவிட்ட சந்தோஷம் வந்துவிடுகிறது. ஒரு வண்டியின் எல்லா உறுப்பும் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதும், எது கெட்டாலும் எங்கே கெட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடிவதும் சின்ன விஷயம் இல்லை. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த வண்டிக்கும் அக்காவின் வண்டிக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஏறத்தாழ ஒரே அளவிலான இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின். இத்தனை காலத்தில் அதைவிடச் சிறந்த அமைப்பை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை.

புதுக்கோட்டை, சைக்கிளுக்கென்றே போட்டதோ என்று எண்ண வைக்கும் ஊர். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் திருத்தியமைத்த நேர்நேரான வீதிகள், ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிக்கொண்டு போகின்றன. தொண்டைமான்கள் ஆண்ட இந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்தது. வீதிகளுக்கு மட்டும் ராஜ வீதி என்ற பெயர் இன்னும் மாறவில்லை. அந்நேரத்தில் பால்காரர்களும், நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களும், கோலம் போடுகிறவர்களும் தவிர வீதியில் ஆள் இல்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி கையை நிறுத்திவிட்டு, "எங்கத்தா ரெண்டு பேருமாக் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார். "குடுமியான்மலைக்கு, ஆயா." "கோயில்ல விசேஷமா?" "இல்ல ஆயா, சும்மாதான்." பாட்டிக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஊர் முடிந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. ஆடிக்காற்றைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள். அதன் எடையை அறிந்தவர்கள் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி, வெறும் காற்றாக இந்தச் செம்மண் பூமியின்மேல் வந்து விழுகிறது. நாங்களோ மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதுமே சைக்கிள் ஓட்டுகிறவரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் மெதுவாகப் போனாலும் அந்தத் தடை நம்மை விடாது. மேடு என்றால் உச்சி கண்ணுக்குத் தெரியும், ஏறிவிட்டால் இறக்கம் உண்டு. எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது.

நான் கியரை இறக்கிக்கொண்டு குனிந்து மிதித்தேன். கியரே இல்லாத அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்து, "பக்கத்துல வராத. எனக்குப் பின்னாடி ஒட்டி வா. முன்னாடி போறவளுக்குத்தான் காத்து. பின்னாடி வர்றவ கதை பேசிக்கிட்டே வரலாம். கொஞ்ச தூரம் போய் மாத்திக்குவோம்" என்றார். உலகப் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயங்களில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டிப் போவதன் காரணம் இதுதான். அக்காவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போன நாட்களில் கூடப் போன பெண்களோடு சேர்ந்து அவரே கண்டுகொண்டது. ஒரு கண்மாய் முதல் அடுத்த கண்மாய் வரை அவர் முன்னால், பிறகு நான் முன்னால் என்று மாற்றி மாற்றிப் போனோம். கண்மாய்கள் காய்ந்து கிடந்தன. கரையோரப் பனைகள் மட்டும் காற்றில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தன. தைலமரக் காட்டைக் கடக்கும்போது மட்டும் காற்று சற்று அடங்கி, அந்த வாசனை மூக்கில் ஏறியது. காருக்குள் அந்த வாசனை வராது.

அக்கா சைக்கிள் கற்றுக்கொண்ட கதையை இந்தச் சாலையில்தான் முழுதாகக் கேட்டேன். அது அவர் ஒருவருடைய கதை அல்ல, ஒரு மாவட்டத்தின் கதை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துக் கற்றுக்கொடுக்கும் இயக்கத்தில் சைக்கிளையும் ஒரு பாடமாகச் சேர்த்தார்கள். கற்றுக்கொடுக்கப் போகும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். அதற்கு யார் துணையையும் எதிர்பார்த்து நிற்கக்கூடாது. அப்படித் தொடங்கியது பிறகு யார் கையிலும் நிற்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், நர்சுகள், பால்வாடி ஆசிரியைகள் என்று எல்லோரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியதால் நாட்டுக்கே தெரிந்தது. அந்தக் கட்டுரை வடநாட்டுப் பிள்ளைகளின் இந்திப் பாடப்புத்தகத்தில்கூட இடம்பெற்றது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

லேடீஸ் சைக்கிள் அப்போது வேண்டிய அளவு கிடைக்கவில்லை. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்கே போகும் பார் அவர்களுக்கு வசதியாகவும் ஆகிவிட்டது, பிள்ளையை அதில் உட்கார வைக்கலாம். அக்கா இரண்டு வயது மகனை முன்னால் பாரில் வைத்துக்கொண்டு, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். கார் வைத்துக் கூட்டிப் போகிறேன் என்ற அதே மகன்தான்.

"ஊர்ல பேசுனாங்களா அக்கா?"

"பேசாம இருப்பாங்களா? டீக்கடையில உட்கார்ந்து, 'இந்தா போறா பாரு கலெக்டரு'ன்னு சிரிப்பாங்க. மொத வாரம் அழுதுட்டேன். அடுத்த வாரம் பெல்லை அடிச்சுக்கிட்டே போனேன்."

அந்த இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் பலன்களைச் சொல்வார்கள். நேரம் மிச்சமானது, வருமானம் கூடியது, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாதது. எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பயணம் முழுக்க எனக்கு ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சைக்கிள்கள் எல்லாம் ஒரு வேலையின் பேரில்தான் பெண்களுக்குக் கிடைத்தன. தண்ணீருக்கு, சந்தைக்கு, வகுப்புக்கு, குவாரிக்கு. ஆண்பிள்ளைகள் வாடகைக் கடையில் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, ஊரைச் சுற்றிவிட்டு வந்தார்களே, அப்படி ஒரு காரணமும் இல்லாமல் சுற்றப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று தொடங்கியதில் மீதமிருப்பது இந்தப் பாதிதான் என்று நினைக்கிறேன். அக்காவிடம் சொன்னேன். "அதுக்குத்தான இன்னைக்கு வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

சித்தன்னவாசலுக்குச் சற்று முன்பு பையன்கள் கூட்டம் ஒன்று எங்களைப் பிடித்தது. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள்கள். கேரியரில் கிரிக்கெட் மட்டை. கூட ஒரு பெண்ணும், அவளுடைய கூடையில் பந்தும் ஸ்டம்பும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. "ஆயா, ரேஸ் வர்றீங்களா?" என்று ஒருவன் அக்காவைக் கேட்டான். அக்கா பதில் சொல்லவில்லை. சேலையை ஒருமுறை இழுத்துச் செருகிக்கொண்டு பெடலின்மேல் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த மைல்கல் வரைக்கும் போட்டி. பையன்கள் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் விட்டுக்கொடுக்கவில்லை. அவள்தான் முதல், அக்கா இரண்டாவது. மைல்கல்லில் கால் ஊன்றி நின்று இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்கள்.

சித்தன்னவாசல் குன்றில் முதலில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினோம். குன்றின் மேற்குப் பக்கம் ஏறி, கிழக்குச் சரிவுக்குத் தாண்டி, பாறையோரமாகப் போக வேண்டும். இயற்கையான குகை, உள்ளே வழவழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள், தலைவைக்கும் இடம் சற்றுத் தூக்கலாக. சமண முனிவர்கள் உறக்கத்தையும் உணவையும் சுருக்கித் தவம் இருந்த இடம். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்துக் கல்வெட்டு, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. மிதித்து வந்த கால் சூடாக இருந்தது, பாறை நிழல் குளிர்ந்து கிடந்தது. காரில் வந்து இறங்கி இதே குகையை நான் முன்பு பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது கல்வெட்டை. இன்று அந்தக் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைத்தது.

கீழே அறிவர் கோயில். மேற்குப் பார்த்த சின்னக் குடைவரை. முன்னால் நிற்கும் தூண்கள் பழைய கோயிலுடையவை அல்ல; 20-ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. நாங்கள் போகப்போகும் ஊரிலிருந்து வந்தவை என்பதால் அவற்றைக் கூடுதலாகத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது, தொடவில்லை. உள்ளே விதானத்தில் புகழ்பெற்ற தாமரைக் குள ஓவியம். ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியங்கள் அந்த ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மீன்கள், வாத்துகள், எருமைகள், யானைகள், நடுவில் இறங்கித் தாமரை பறிக்கும் ஆட்கள். நிறம் பல இடத்தில் உதிர்ந்துவிட்டது. இருப்பதே கண்ணுக்கு நிறைவு. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் அவையான சமவசரணத்தில் வரும் குளம் இது என்று அறிஞர்கள் விளக்குவார்கள். அடியார்கள் பூக் கொய்வது அந்தக் காட்சியின் ஒரு பகுதி. அக்கா கழுத்து வலிக்க அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் இன்னைக்கு ஞாயித்துக்கிழமை போல" என்றார். அந்த ஓவியத்தைப் பற்றி நான் படித்த எல்லா விளக்கங்களோடும் இதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அன்னவாசலில் இட்லிக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்ற விசாரணை முடிந்ததும், அக்காவின் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே சொன்னார். பத்தொன்பது வயதில் அறிவொளியில் அவரும் கற்றிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் ஓட்டினாராம். அப்புறம் வண்டி மகனுக்குப் போனது, மகனுக்கு மோட்டார் சைக்கிள் வந்ததும் பழைய இரும்புக்குப் போனது.

"இப்ப ஓட்டுவியாத்தா?" என்றார் அக்கா.

"மறந்திருக்கும்க்கா. எத்தனை வருசம் ஆச்சு."

"அதெல்லாம் காலு மறக்காது. ஒரு சுத்து போயிட்டு வா. இட்லியை நான் பார்த்துக்கிறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏறுவதற்கு இரண்டு முறை தடுமாறினார். மூன்றாவது முறை ஒரு காலைப் பெடலில் வைத்துத் தெத்தித் தெத்திப் போய், மறுகாலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஹேண்டில்பார் கொஞ்சம் ஆடியது, அப்புறம் நேரானது. பஸ் நிற்கும் இடம் வரை போய், வளைந்து திரும்பி, பெல்லை அடித்துக்கொண்டே வந்தார். எதிர்ப்பக்க மளிகைக் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் கைதட்டினான். அந்த அம்மா இறங்கி வண்டியை ஸ்டாண்டு போட்டபோது முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. எங்களிடம் இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துச் சான்று வாங்கும் பிரெவே ஓட்டங்களில் பதக்கம் பெற்ற நண்பர்கள் உண்டு, அவர்கள்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. இருந்தாலும் அன்று நான் பார்த்த வெற்றிகளில் பெரியது அந்தப் பஸ் நிறுத்தம் வரை போய் வந்ததுதான்.

அன்னவாசலைத் தாண்டிக் குடுமியான்மலைச் சாலையில் என் பின்டயர் இறங்கிவிட்டது. சீமைக்கருவேல முள். புதுக்கோட்டைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பஞ்சர்க் கடை பக்கத்தில் இல்லை. புளியமரத்தடியில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினோம். டயரை லிவர் போட்டு நெம்பி, டியூபை உருவி, காற்றடித்துக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய்ச் சுற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் மெல்லிய காற்று முகத்தில் படும். தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்க வழியில்லாதபோது இதுதான் முறை. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பாதி காய்ந்த பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு வைத்தால் ஒட்டாது. முக்கியமான வேலை அதற்கப்புறம்: டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேடி எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் அதே கதை. டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது 1888-இல். பஞ்சரும் அன்றுதான் பிறந்திருக்கும். வேலை முடிந்து காற்றடித்து, டயர் கல்லாக இறுகியதும், கையெல்லாம் கரியோடு நான் நிமிர்ந்தபோது கிடைத்த நிறைவைக் கடையில் கொடுத்து ஒட்டியிருந்தால் பெற்றிருக்க மாட்டேன்.

குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி கோயில். மண்டபத் தூண்களின் சிற்பங்களைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் வேண்டும். எங்களை இழுத்தது பின்புறம் மேலைக்கோயில் என்ற குடைவரையும், அதன் பக்கத்துப் பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஏழு ராகங்களுக்கான சுரக்கோவைகளை வரிசை வரிசையாகப் பாறையில் பொறித்திருக்கிறார்கள். உருத்திராசாரியார் என்பவரின் மாணவனான ஒரு மன்னன் செய்வித்தது. அவன் மகேந்திரவர்ம பல்லவன் என்று மரபாகச் சொல்வார்கள், ஆய்வாளர்களிடையே மாற்றுக் கருத்தும் உண்டு. இந்திய இசை வரலாற்றில் இதற்கு ஈடான கல்வெட்டு அரிது. வாசிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த எழுத்துகளின் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். சங்கீதம் கற்கிற பிள்ளைகளை ஒருமுறையேனும் இங்கே அழைத்து வந்து காட்ட வேண்டும் என்பது என் ஆசை. குன்றின் மேலே அறுபத்துமூன்று நாயன்மார்களும் வரிசையாகப் புடைப்புச் சிற்பமாக இருக்கிறார்கள். அக்கா கீழே நின்றே கும்பிட்டுவிட்டார்: "ஏறினா கால் திரும்பிப் போறதுக்கு வேணும்ல."

கோயிலுக்கு வெளியே வண்டிக்காரரிடம் கம்மங்கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். உச்சி வெயில் சாயும்வரை மண்டப நிழலில் படுத்திருந்தோம். சைக்கிளில் வருகிறவர்களுக்கு இந்தப் படுக்கையும் பயணத்தின் ஒரு பகுதி. அடுத்த இடத்துக்குப் போகச் சொல்லி யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

திரும்பும்போதுதான் காலையில் பட்டதற்கெல்லாம் கூலி கிடைத்தது. வழியிலுள்ள அண்ணா பண்ணையைத் தாண்டி வண்டி கிழக்கே திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்துவிட்டது. காலையில் எங்களைத் தள்ளி நிறுத்திய அதே காற்று. நான் பெரிய கியருக்கு மாற்றினேன். பெடல் மிதிக்காமலேயே வண்டி ஓடுகிற மாதிரி இருந்தது. பின்காற்றில் போகும்போது ஒரு விசேஷம் உண்டு. நம் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகும்போது காதில் இரைச்சலே இருக்காது. டயர் தார்ச்சாலையில் உருளும் சத்தமும் ஃப்ரீவீல் டிக்டிக் சத்தமும் மட்டும் கேட்கும். வயலில் நின்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. அக்கா இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து முன்னால் நீட்டிக்கொண்டு போனார். முகத்தில் வயது இல்லை. ஐயனார் கோயில் ஒன்றின் முன்னால் வரிசையாக நின்ற மண் குதிரைகளைப் பார்த்து, "அதுங்களும் வருதா கேளு" என்று கத்தினார்.

இந்தச் சாலைகளில் குறையில்லாமல் இல்லை. கல்குவாரிகளுக்குப் போகும் டிப்பர் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. சாலையை அகலப்படுத்தும்போது நடுவில் தார் பூசுகிறார்கள், ஓரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தார் முடியும் இடத்தில் அரையடிப் பள்ளம், அதில் இறங்கினால் சைக்கிள் கவிழும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கெட்டியான இரண்டு அடி செம்மண் ஓரம் போதும், பள்ளிப் பிள்ளைகளும் எங்களைப் போன்றவர்களும் பயமில்லாமல் போவோம். பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்த ஒரு மாநிலம், அதை ஓட்ட இடமும் கொடுக்க வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் இல்லை.

நீங்களும் இந்தச் சுற்றைப் போவதானால் சில குறிப்புகள். ஆடி, ஆவணியில் விடியும் முன்பே மேற்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் போகும்போது சுலபம், திரும்பும்போதுதான் எதிர்க்காற்று. அதற்குக் காலில் கொஞ்சம் தெம்பை மிச்சம் வையுங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில், பஞ்சர் சாமான், சின்ன பம்பு, தலைக்கு ஹெல்மெட். கியர் வண்டி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கியர் இல்லாத பழைய வண்டியில் அக்கா வந்திருக்கிறார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் கிடைத்த சைக்கிளைக் கல்யாணத்தோடு நிறுத்திவிட்ட பெண் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார், மனைவியாக, அக்காவாக, மருமகளாக. மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் வண்டியை வெளியே எடுத்து, டியூப் மாற்றி, கோட்டம் எடுத்து, காற்றடித்து வாசலில் நிறுத்துங்கள். அவர் ஏறிக் கிளம்பும்போது எங்கே, எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.